நாலு மழை பார்த்த தொட்டி

"இந்தக் காபியை ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்குக் குடுத்தா, கல்யாணம் நிச்சயத்தோட நின்னுடும்," என்று டம்ளரைக் கீழே வைத்தாள் ரெனிதா.

எட்மண்ட் தன் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். பிளீச்சிங் பவுடர். நீச்சல் குளத்தைக் கொதிக்க வைத்துச் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது.

"மழைக்காலம் வந்தா நம்ம வீட்டுத் தண்ணியில இந்த வாடை வரும். வருஷா வருஷம் வர்றதுதான். பைப் தண்ணியில மருந்து ஜாஸ்தி போடுவாங்க."

"பைப்புல ஒம்பது நாளா தண்ணியே வரல," என்றாள் அடுப்படியிலிருந்து ஞானசௌந்தரி.

"சம்ப் ரொம்பித்தானே இருக்கு?"

"அதான் எனக்கும் புரியல. தளும்பத் தளும்ப இருக்கு."

"மழைநீர் சேமிப்பு. மொட்டை மாடியில நான் போட்ட டிசைன்."

"மழைத் தண்ணிக்கு யாருங்க மருந்து போட்டாங்க?"

எட்மண்ட் அதற்குள் போனில் பிளம்பர் பாபுவின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை. மூன்று நாளாக விடாத மழை. பருத்திப்பட்டு ஏரி கரையைத் தொட்டுவிட்டது என்று காலைச் செய்தியில் சொன்னார்கள். பள்ளிக்கூடங்களுக்கும் ஆபீஸ்களுக்கும் இன்று விடுமுறை. மற்ற நாளில் காலை எட்டு மணிக்கே மூன்று பேரும் வேலைக்குப் போய்விட, வீடு பூட்டிக் கிடக்கும். அம்பத்தூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் எட்மண்டுக்கு, வீட்டில் கை கட்டி உட்காரத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நிச்சயம். வீடு நிறைய ஆள் வரப்போகிறது. அதற்குள் தரைக்கடியில் இருக்கும் சம்ப்பைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்துவிட வேண்டும்.

இப்படித்தான் ஆரம்பித்தது.

பத்து மணிக்கு பாபு வந்தான். போர்ட்டிகோ தரையில் இருந்த இரும்பு மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தான்.

"பிளாஸ்டிக் தொட்டியா சார்? எத்தினி லிட்டரு?"

"அஞ்சாயிரம்."

"இந்த மழைல காலி பண்ணணுமா? ரெண்டு வாரம் கழிச்சு செஞ்சிக்கலாமே."

"ரெண்டு வாரம் கழிச்சு நிச்சயம் முடிஞ்சிருக்கும் பாபு. மோட்டாரைப் போடு."

மதியம் வரைக்கும் மோட்டார் ஓடியது. மாடித் தொட்டி நிறைந்து வழிந்தது. மீதித் தண்ணீர் தெருவில் போய், ஏற்கனவே தெருவில் நின்ற தண்ணீரோடு சேர்ந்துகொண்டது. பாபு கால்சட்டையை மடித்துக்கொண்டு உள்ளே இறங்கினான். கொஞ்ச நேரம் பிரஷ் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"சார்." குரல் குகைக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "ஆடுது சார்."

"வழுக்குதா?"

"வழுக்கல. ஆடுது. படகுல நிக்கற மாதிரி கீது."

அடுப்படி ஜன்னலில் ஞானசௌந்தரியின் முகம் தெரிந்தது. "ஏங்க, பெரியத்தான் அன்னிக்கே சொன்னாரே."

"சௌந்தரி, உள்ள போ."

அவள் போகவில்லை. எட்மண்டுக்கும், எத்தனை உதறினாலும், அந்த நாள் மனதிலிருந்து போகவில்லை.

நான்கு வருடத்துக்கு முன், இதே வீட்டின் புதுமனைப் பிரதிஷ்டை. போதகர் ஜெபம் முடித்து, பந்தியில் பிரியாணி போட்டாகிவிட்டது. எட்மண்டின் அண்ணன் யூஜின், ஆவடியில் தொழிற்சாலை ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு போர்ட்டிகோவைச் சுற்றி வந்தார். மூடியைத் திறந்து பார்த்தார்.

"தம்பி, இங்க பிளாஸ்டிக் தொட்டி வேணாண்டா. ஏரி பக்கத்துலயே கீது. மழையில நெலத்துத் தண்ணி மேல வரும். தொட்டி காலியா கெடந்துச்சுன்னா எகிறிடும். செங்கல்லு வச்சுக் கட்டிடு. இல்லன்னா மழை நாள்ல ரொப்பியே வெச்சுக்க."

சொந்தபந்தம், உடன் வேலை செய்யும் ஆசிரியர்கள், சம்பந்தமில்லாதவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எட்மண்ட் சிரித்தார். அன்றைக்கு அவருக்குப் புது வீடு, புதுச் சட்டை.

"அண்ணே, அது தொட்டி, தோணி இல்ல. ஒம்பதாவதுல சயின்ஸ்ல பன்னெண்டு மார்க் வாங்கினவரு, எனக்கு மிதப்பு விதி சொல்லித் தர்றாரு."

பந்தியே சிரித்தது. யூஜினும் கொஞ்சம் சிரித்தார். பிறகு, பாதித் தட்டு பிரியாணியோடு போய் கையைக் கழுவிக்கொண்டு, தன் வீடு இருக்கும் நூம்பலுக்கு பஸ் ஏறினார். அதன் பிறகு இந்த வாசலுக்குள் வரவில்லை.

எட்மண்டும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும், உறவுக்காரர் யாராவது அகப்பட்டால், "நாலு மழை பார்த்தாச்சு, தொட்டி இஞ்சு அசையல. எங்க அண்ணன்கிட்ட சொல்லிடுங்க," என்பார். முதல் வருடம் அது 'ஒரு மழை'யாக இருந்தது. வருடத்துக்கு ஒன்று கூடிக்கொண்டு வந்தது. இந்த வருடம் ஐந்தாவது.

அந்த வீட்டு வழக்கப்படி, நிச்சயத்தில் போதகர் கேட்கும்போது, பெண்ணின் தகப்பன் பேசக்கூடாது. தகப்பன் வழியில் மூத்தவர் எழுந்து நின்று, "எங்க பிள்ளையைச் சந்தோஷமாத் தர்றோம்," என்று சொல்ல வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை யாரு டாடி எழுந்து நிப்பாங்க?" என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் ரெனிதா.

"தொட்டி விஷயத்துல நான் சொன்னது சரின்னு உங்க பெரியப்பா ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த நிமிஷம் நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்."

"பெரியப்பா வேணுமா, தொட்டி வேணுமா உங்களுக்கு?"

அதற்கு எட்மண்ட் பேப்பர் திருத்தப் போய்விட்டார்.

இரண்டு மணிக்கு 'டப்' என்று ஒரு சத்தம். போர்ட்டிகோ டைல்ஸில் ஒரு கோடு ஓடியது. கோடு விரிந்தது. டைல்ஸ் மேலெழும்ப, மூடி இருந்த துளைக்குள்ளிருந்து பாபுவின் தலை தானாகவே உயர்ந்து வந்தது. அவன் ஏறவில்லை. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"சார், லிஃப்ட்ல வர்ற மாதிரி கீது," என்றவன், பிரஷ்ஷோடு வெளியே குதித்தான்.

ஒரு சாண் உயரம். தரைக்கடியில் பச்சை நிறத்தில் தொட்டியின் தோள் தெரிந்தது.

ரெனிதா குடை பிடித்துக்கொண்டு வந்தாள். "டாடி, நைன்த்ல நீங்கதானே எனக்கு கிளாஸ் எடுத்தீங்க. வாளித் தண்ணியில வெறும் சொம்பு மிதக்கும், தண்ணி ஊத்தினா முழுகும். உலோகமும் உள்ள இருக்கற காத்தும் சேர்ந்து அடர்த்தி குறைவு. அதானே?"

"அது வாளித் தண்ணி. இது மண்ணு. மண்ணுல எதுவும் மிதக்காது."

பாபு கையிலிருந்த கம்பியைத் தொட்டியோரத்தில் குத்தினான். கம்பி முழுசாக உள்ளே போய், அவன் கையை விட்டும் போனது.

"சார், இது மண்ணு இல்ல. ராகிக் கூழு."

"ஏங்க, தண்ணி ஊத்துங்க உடனே," என்றாள் ஞானசௌந்தரி. "ஒரு லாரி சொன்னா முடிஞ்சுது."

"தெரு முழுக்க முழங்கால் தண்ணி நிக்குது. இதுல தண்ணி லாரி வந்தா ஊர் சிரிக்கும்."

ஊர் சிரிப்பது ஒரு காரணம். தண்ணீரை ஊற்றினால் தொட்டி நின்றுவிடும் என்பதுதான் உண்மையான காரணம். நின்றுவிட்டால், அண்ணன் சொன்னது சரி என்று ஆகிவிடும்.

"வெயிட் வைக்கலாம்," என்றார் எட்மண்ட்.

வீடு கட்டி மிஞ்சிய, கல்லாகிப்போன ஆறு சிமெண்ட் மூட்டைகள் வந்தன. துவைக்கும் கல் வந்தது. ஞானசௌந்தரியின் குரோட்டன்ஸ் தொட்டிகள் வந்தன. போதாமல் எட்மண்டும் பாபுவும் ஏறி நின்றார்கள். எதிர் ஃபிளாட்டில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மனோகரன், மீட்டிங் நடுவே காதில் மாட்டிய ஹெட்செட்டோடு ஓடி வந்து, காரணம் கேட்காமல் தானும் ஏறி நின்றான். கரூர்ப் பக்கத்துப் பையன். உதவி என்றால் யோசிக்க மாட்டான். ஏறின பிறகுதான் யோசித்தான்.

"சார், தொட்டி எத்தனை லிட்டருங்க?"

"அஞ்சாயிரம்."

"அப்ப அஞ்சாயிரம் லிட்டர் தண்ணியோட இடத்தை இது புடிச்சிருக்குதுங்க. கிட்டத்தட்ட அஞ்சு டன் மேல தூக்கும். நாம மூணு பேரும், இந்தச் சாமானமும் சேர்ந்து ஒரு டன் கூட வராதுங்களே."

"தெரியும் தம்பி. நான் பிசிக்ஸ் டீச்சர்."

"அப்புறம் எதுக்குங்க சார் நிக்கறோம்?"

எட்மண்ட் வாயைத் திறப்பதற்குள், மூவரும் குரோட்டன்ஸோடு சேர்ந்து இன்னும் நான்கு விரல் உயர்ந்தார்கள்.

"கார்," என்றார் எட்மண்ட்.

"சார், வேணாம்," என்றான் பாபு.

"ஏங்க, வேணாம்."

"டாடி, ப்ளீஸ்."

வேண்டாம் என்று மூன்று பேர் சொன்னால் எட்மண்டுக்கு வேகம் வரும். காரைப் பின்னாலிருந்து எடுத்து, முன் சக்கரம் இரண்டையும் டைல்ஸ் மேல் ஏற்றினார். காரின் பக்கம் தொட்டி ஒரு சாண் இறங்கியது. எட்மண்ட் கண்ணாடியை இறக்கி, மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை முடிவதற்குள் தொட்டியின் மறுபக்கம் இரண்டு சாண் ஏறி, இந்தப் பக்கத்தையும் காரோடு தூக்கியது. சிமெண்ட் மூட்டைகள் உருண்டன. துவைக்கும் கல் கேட்டில் மோதி, கேட்டைச் சாத்தியது. அடியில் 'படக்' என்று ஏதோ முறிந்தது.

"மோட்டார் பைப்பு பூட்ச்சு சார்," என்றான் பாபு. செய்தி வாசிப்பவன் போலச் சொன்னான்.

காரைப் பின்னால் எடுக்க முடியவில்லை. மூக்கு வானத்தைப் பார்த்தபடி, அது அங்கேயே நின்றது. எட்மண்ட் கதவைத் திறந்து, சேற்றில் குதித்து இறங்கினார். ஒரு செருப்பு சேற்றோடு தங்கிவிட்டது.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். பல வருடம் கழித்தும் அவர் நினைத்து நினைத்துப் பார்க்கப்போகும் இடம் அதுதான். மணி மூன்றரை. தொட்டி இன்னும் முக்கால்வாசி மண்ணுக்குள் இருந்தது. பாபு கையில் போன் இருந்தது. "லாரி சொல்லட்டா சார்?" என்று அவன் கேட்கவும் செய்தான்.

"கீழ இருந்து தூக்கறது நிலத்துத் தண்ணிதானே? அதை எடுத்துட்டா எப்படித் தூக்கும்? சுத்தி பள்ளம் தோண்டி, தண்ணியை இறைச்சிடு."

பாபு எட்மண்டைப் பார்த்தான். ஏரி இருக்கும் திசையைப் பார்த்தான்.

"சார், ஏரியையா இறைக்கச் சொல்றீங்க?"

தோண்டினார்கள். ஒரு பக்கம் பாபு கொண்டுவந்த வாடகை மோட்டார் இறைக்க, மறுபக்கம் ஊறி வந்தது. இறைத்தது ஒரு மடங்கு, வந்தது இரண்டு மடங்கு. தண்ணீரோடு மண்ணும் கரைந்து போனது. இத்தனை நேரம் தொட்டியைக் கொஞ்சமாவது இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த மண்தான்.

நாலரை மணிக்கு, பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டு, தொட்டி வெளியே வந்தது.

குளத்தில் படுத்திருந்த எருமை எழுந்திருப்பது போல, அவசரமில்லாமல் வந்தது. மூன்றடி உயரம் எழுந்து, ஒரு பக்கம் சாய்ந்து, லேசாக ஆடியபடி நின்றது. காரைச் செல்லமாக ஒதுக்கித் தள்ளியிருந்தது. போர்ட்டிகோ தூண் ஒன்றில் விரிசல். வாசல் படியில் பாதி காணோம். எதிர் ஃபிளாட் பால்கனிகளில் வரிசையாகப் போன்கள் உயர்ந்தன.

மனோகரன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான். "சார், மீட்டிங்ல இருக்கறவங்க, என்ன சத்தம்னு கேட்கறாங்க. என்னங்க சொல்றது?"

மழை விட்டபாடில்லை.

எட்மண்ட் உடைந்த படியின் மீதியில் உட்கார்ந்தார். ஒற்றைச் செருப்பு. சட்டையெல்லாம் சேறு. இருபத்திரண்டு வருடம். ஒவ்வொரு ஜூலையும் ஒரு வாளி, ஒரு சொம்பு. ஏறக்குறைய இரண்டாயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார். சொல்லிக்கொடுத்ததை யாராவது திருப்பிச் சொன்னால், அது அண்ணன் வாயிலிருந்து வந்தால், அவருக்கு அது பாடமாகத் தெரியவில்லை. பன்னிரண்டு மார்க்காகத்தான் தெரிந்தது.

ரெனிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்து குடையைப் பாதி அவர் தலைக்கு நீட்டினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பாபு," என்றார். "லாரி சொல்லு."

"இனிமே ஊத்தி இன்னா சார் புண்ணியம்? அடியில மண்ணு சரிஞ்சி ரொம்பிட்ச்சு. உள்ள இறங்காது."

"இதுக்கு மேல எங்கயும் நகராம நிக்குமில்ல. சொல்லு."

பாபு போன் போட்டு எட்மண்டிடம் நீட்டினான். "வழி சொல்லுங்க சார்."

"ஏரிக்கரை ரோட்டுல வந்து, மூணாவது தெருவுல..." என்று எட்மண்ட் ஆரம்பித்தார்.

"காம்பவுண்டுல போகன்வில்லா கொடி, பச்சை கேட்டு. அந்த ஊடுதானே? தெரியும் சார், வந்துகினே கீறேன்," என்று போனை வைத்துவிட்டார் லாரிக்காரர்.

பாபு சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டார் எட்மண்ட். பாபுவோ, அவர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டான்.

லாரி வரும் வரை எட்மண்ட் தன் போனைக் கையில் வைத்திருந்தார். அண்ணன் பெயரைத் தேடி எடுத்தார். கடைசியாகப் பேசியது நான்கு வருடத்துக்கு முன். 'பிரியாணி ஆர்டர் சொல்லியாச்சாடா' என்று கேட்கத்தான் யூஜின் கூப்பிட்டிருந்தார்.

"கூப்பிடுங்க," என்றாள் ஞானசௌந்தரி, பின்னால் நின்று. 

"என்னன்னு சொல்றது?"

"நீங்க சொன்னதுதான் சரின்னு சொல்லுங்க. அஞ்சு வார்த்தை கூட இல்ல."

எட்மண்ட் தலையாட்டினார். ஆனாலும் உள்ளே ஒரு ஓரம் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் சொன்னது இன்றைக்குச் சரி. ஆனால் நாலு வருடம்? நாலு மழை, தொட்டி இஞ்சு அசையவில்லையே. அந்த நாலு வருடமாவது தன் பக்கம் நியாயம் இருந்ததே. மன்னிப்புக் கேட்கும்போது அதையும் நாசூக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். முழுசாகத் தோற்க வேண்டியதில்லை.

விரலைப் பெயர் மேல் வைத்தபோது, தெருத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு லாரி வந்தது.

யாரையும் எதையும் கேட்கவில்லை லாரிக்காரர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். காம்பவுண்டு சுவரில் படர்ந்திருந்த போகன்வில்லாக் கொடியை ஒரு கையால் விலக்கினார். வெளியிலிருந்து சம்ப்புக்குத் தண்ணீர் விடும் பைப்பின் வாய் அதற்குப் பின்னால்தான் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே எட்மண்டுக்கு மறந்து போயிருந்தது. மூடியைத் திருகினார். கை பழகிய வேகத்தில் ஹோஸை மாட்டினார். மாட்டிவிட்டுத்தான் கேட் வழியே உள்ளே எட்டிப் பார்த்தார்.

சாய்ந்த தொட்டி. வானத்தைப் பார்க்கும் கார். படியில் சேறும் சகதியுமாக ஒரு மனிதர்.

மாட்டிய ஹோஸைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, லாரிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்:

"நீங்கதானா சார் யூஜின் சாரு தம்பி? நாலு வருசமா மழை பிடிச்சா, நீங்கல்லாம் வேலைக்குப் போனப்பறம், 'தம்பிக்குத் தெரிய வேணாம்பா, தளும்பத் தளும்ப ஊத்து'ன்னு வாராவாரம் லோடு சொல்லிட்டு, கேட்டாண்ட கொடை புடிச்சிகினு அவருதான் நிப்பாரு. முந்தாநாளு கூட மருந்து போட்டு ரொப்பிட்டுத்தானே போனோம், அத்தத் தொறந்து உட்டது யாரு சார்?"